நாற்காலிக்கு அடியில் ஊறிய தண்ணீர்

மார்ச் 12, செவ்வாய். நேற்றைய கூட்டத்தில் ஈரத்தைச் செருப்பில் பார்த்தேன், தரையில் பார்க்கவில்லை. சிறு பிழை.

நகரமன்றக் குறிப்பெழுத்தர், தினமும் தன் பிழைகளைக் குறித்துவரச் சொன்ன மாலை வகுப்புக்காக வைத்திருந்த நாட்குறிப்பில் இப்படி எழுதினாள். பிறகு ‘சிறு’ என்பதை அடித்தாள்.

ஆற்றில் மூழ்கி இறந்த ஒன்பது பேரும் ஏழு வருடங்களாக மன்றக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாலம் கட்டித் தருகிறோம் என்று இரண்டு கட்சிகளும் மாறி மாறிச் சொன்ன ஆற்றுத்துறையில்தான் அவர்கள் போன படகு கவிழ்ந்தது. பத்து மணிக்கு வந்து பார்வையாளர் பெஞ்சில் உட்காருவார்கள், கூட்டம் முடிந்ததும் எழுந்து போவார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை. பாலத்தைப் பற்றி எந்த உறுப்பினராவது பொய் சொன்னால் அவருடைய நாற்காலிக்கு அடியில் ஆற்றுத் தண்ணீர் ஊறும், அவ்வளவுதான். முதல் வருடம் உறுப்பினர்கள் அலறி ஓடினார்கள். இரண்டாம் வருடம் குழாய்களைச் சோதித்தார்கள். மூன்றாம் வருடம் விதி எழுதினார்கள்: மூன்று முறை ஈரம் பதிவானால் பதவி போகும். அதற்குப் பிறகு யாரும் தன் காலடியைப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவர் காலடியைப் பார்த்து, “என்னண்ணே, மீன் ஏதாவது மாட்டுச்சா?” என்று கேட்பதோடு விவாதம் முடிந்துவிடும்.

திங்கட்கிழமை எதிர்க்கட்சி மரக்கடைக்காரர் எழுந்து, தங்கள் காலத்தில் பாலத்துக்கு முதல் கல் நட்டதாகச் சொன்னார். நான்கு விரல் தண்ணீர். அவருக்கு அது மூன்றாவது முறை. அடுத்து ஆளுங்கட்சி உறுப்பினர், குறிப்பெழுத்தரின் அப்பா, பாலக் கோப்பு தன் கைக்கு வரவே இல்லை என்றார். அவர் செருப்பு காய்ந்திருந்தது. ‘ஈரம் இல்லை’ என்று அவள் எழுதினாள். அவருக்கும் அதற்கு முன்பே இரண்டு முறை பதிவாகியிருந்தது.

மறுநாள் காலையில் அவள் மன்றத்தில் தூசி தட்டும்போது அப்பாவின் நாற்காலிக் கால்கள் நான்கு விரல் உயரத்துக்கு ஊறி உப்பியிருந்தன. குறுக்குச் சட்டத்தில் இரண்டு செருப்பின் அச்சு. அந்தப் பாலக் கோப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் பள்ளியில் படித்த கடைசி இரண்டு வருடமும் அது வீட்டு வானொலிக்கு அடியில் மேடையாகக் கிடந்தது.

மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள். “காலைத் தூக்கி வச்சிருந்தீங்களாப்பா?”

“மூட்டு வலிம்மா.”

“மரக்கடைக்காரருக்குப் பதவி போகுதே.”

“அவனுக்குக் காலைத் தூக்கத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்ண?” என்று சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துச் சொன்னார்: “குறிப்பைத் திருத்தினா உங்கப்பன் நாளைக்கு வீட்லதான் உக்காரணும், தெரியுமில்ல?”

“தெரியும்ப்பா.”

தெரியும் என்று சொன்னாளே தவிர, உறுதி இல்லை. தான் நியாயத்துக்குத் திருத்துகிறோமா, நல்ல பெயருக்கா என்று நாட்குறிப்பில் இரண்டு பக்கம் எழுதியும் பிடிபடவில்லை. அளவு மட்டும் நான்கு விரலாகவே இருந்தது.

புதன்கிழமை கூட்டத்தில், அப்பாவின் நாற்காலிக்கு அடியில் நான்கு விரல் ஈரம் என்ற திருத்தத்தை வாசித்தாள். முதல் தடவை யாருக்கும் கேட்காததால் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. எதிர்க்கட்சியினர் மேசையைத் தட்டினார்கள். அப்பா சட்டத்திலிருந்து கால்களை இறக்கினார். அவர் சொன்ன பொய் வாசிக்கப்பட்டதும் மறுபடி ஊறியிருந்த தண்ணீர் சளக்கென்றது. தட்டியவர்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். அவர் வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு ஈரக் காலோடு நடந்து பார்வையாளர் பெஞ்சுக்குப் போனார். அங்கே மரக்கடைக்காரர் ஏற்கெனவே ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூழ்கியவர்களில் ஒருத்தியான தையல்காரம்மா, முன்பு மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்தவள், புடவையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள். “நன்றிம்மா,” என்றார் அப்பா. கூட்டம் அடுத்த பொருளுக்குப் போனது.

மார்ச் 13, புதன். நாளை செய்ய வேண்டியது: இரண்டு நாற்காலிகளையும் வெயிலில் வைக்க வேண்டும். அளவுகோலை இரு கட்சி வரிசையிலும் தரையில் ஊன்றி அளக்க வேண்டும். பெஞ்சில் இனி பதினொரு பேர். இன்னொரு பெஞ்சு கேட்டு எழுத வேண்டும்.