வாஸ்துப்படி போட்ட நாற்காலி

மானாம்பதிக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரையை ஒட்டிய ஓர் ஊராட்சி அலுவலகத்துக்கு மோகன் வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்த நேரம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். விசிட்டிங் கார்டில் மட்டும் ‘நெட்வொர்க் ஆலோசகர்’.

வாசலில் பலகை: ‘ஊராட்சித் தலைவி பவளம் தாமோதரன்’. இதில் பவளம் கடுகளவு, தாமோதரன் பூசணி அளவு. பவளம் பதவியேற்ற அன்று ஒருதரம் இங்கே வந்துபோனதாகச் சொல்வார்கள். மற்றபடி ஊரில் தலைவர் என்றால் அவள் புருஷன் தாமோதரன்தான்.

“இன்னிக்கும் காலையிலேர்ந்து நெட்டு வருது, போவுதுண்ணா” என்றாள் ஆபரேட்டர் தேவயானி. “அஞ்சு மணிக்குள்ள சிட்டம்மா வூட்டு போட்டோவ ஏத்தணும். ஏத்தலன்னா கவர்மென்ட்டு வூடு அவங்களுக்கு இந்த வருசம் கெடையாது. இந்த ஆபீஸ் கம்பி லைன்ல மட்டுந்தான் அந்த சைட்டு தொறக்கும். செல்லுல ஏறாது.”

சிட்டம்மாள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன மழையில் அவள் வீட்டுச் சுவர் படுத்துவிட்டது. மிச்சமிருந்த மூலையில் தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே புருஷன் வேதகிரியைக் கிடத்தியிருந்தாள். அவர் இருமுவது நின்று பல மாதங்களாயிற்று. இப்போது மூச்சு மட்டும்தான் சத்தமாக வருகிறது. இந்த மழைக்கும் அதே தார்ப்பாய்தானா என்பதுதான் அந்த ஜன்னலில் நின்ற கேள்வி.

அறையில் பாதியைச் சிவப்புக் கம்பளமும் அதன் நடுவே ஒரு நாற்காலியும் பிடித்திருந்தன. சிங்கமுகக் கைப்பிடி, நகம் செதுக்கிய கால்கள். வாஸ்து பாண்டுரங்கன் வந்து, காம்பஸ் வைத்து, திசை பார்த்து, இங்கேதான் என்று போட்டுவிட்டுப் போனது. அதன் மேல் தாமோதரன் நிரம்பியிருந்தார். கம்ப்யூட்டர் ஒரு மூலையில், நெட் பெட்டி எதிர்ச்சுவரில். நடுவே ஓடிய நெட் கம்பியைத் தலைவரின் காலுக்கு முன்னால் ஓடக்கூடாது என்று கம்பளத்துக்கு அடியில் தள்ளியிருந்தார்கள்.

மோகன் குனிந்து கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தான். கம்பி நுழையும் இடத்தில் பச்சை விளக்கு செத்திருந்தது. முனையை வெட்டிப் புதிது போட்டான். பெட்டியில் வேறு ஓட்டைக்கு மாற்றிச் செருகினான். எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான். விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு மறுபடியும் போய்விட்டது.

“இன்னாய்யா, வைரஸா?” என்றார் தாமோதரன். “நான் அப்பவே மேலெடத்துல சொன்னேன். சேட்டிலைட்ட கொஞ்சம் நம்ம பக்கமா திருப்புங்கய்யான்னு. எவன் கேக்கறான்?”

அவருடைய செல் அடித்தது. சிக்னல் தேடி வராந்தாவுக்குப் போனார். பச்சை விளக்கு குத்துவிளக்காக நின்று எரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். அணைந்தது. மோகன் கம்பளத்தைப் பார்த்தான். அதன் அடியில் எலி வளைபோல் ஓடிய மேடு நேராகப் போய் நாற்காலியின் முன்காலுக்குக் கீழே காணாமல் போனது.

“உனக்குத் தெரியுமா?” என்றான் தேவயானியிடம் தணிந்த குரலில்.

“ஒரு வாரமா தெரியும்.”

“சொல்றதுதானே?”

“எனக்கு இது டெம்ப்ரவரி வேலைண்ணா.”

மோகனுக்கும் ஒரு கணக்கு இருந்தது. சுற்றுவட்ட ஊராட்சிகளின் கம்ப்யூட்டர் பராமரிப்பு முழுவதையும் அவனுக்கே வாங்கித் தருவதாகத் தாமோதரன் வாக்குக் கொடுத்திருந்தார். தொண்டையைச் செருமினான்.

“தலைவரே, புதுக் கம்பி ஒண்ணு கம்பளத்துக்கு மேலால இழுத்துடலாமா?”

“இது ஆபீஸா, ரைஸ் மில்லா?”

“இல்லாட்டி அந்த நாற்காலிய...”

“நாற்காலிய?”

“நாற்காலி ரொம்ப நல்லா கீதுங்க தலைவரே.”

“தாத்தா காலத்துத் தேக்கு. தூக்கணும்னா நாலு ஆளு வேணும்.”

ஐந்து நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்ல வராத வாய்க்கு உபாயம் மட்டும் வந்தது. “எங்க கடை காலண்டருக்கு உங்க படம் ஒண்ணு வேணும் தலைவரே. ஏரி தெரியறாப்போல வெளிய நின்னா எடுப்பா இருக்கும்.”

தாமோதரன் சீப்பை எடுத்தார். சால்வையை எடுத்தார். வெளியே இடுப்பில் கைவைத்து ஒன்று, ஏரியைக் கண்டிப்பது போல ஒன்று என்று மோகன் எடுத்துக்கொண்டே இருந்தான். அப்போது உள்ளேயிருந்து தேவயானியின் குரல் தன்னை மறந்து வந்தது: “ஏறுதுண்ணா, பாதி ஏறிச்சி.”

“ஏறுதா?” தாமோதரன் திரும்பினார். “அப்ப வூடு குடுக்கறது நம்ம கையால நடக்கட்டும். இன்னா சிட்டம்மா, உள்ள வந்து ஒரு ஓரமா நில்லு. மோகன், போட்டோ எடு.”

நின்றபடியே இருங்கள் தலைவரே என்று சொன்னால் போதும். மோகனின் கை செல்லைத் தூக்கியது. தாமோதரன் உள்ளே போய் நாற்காலியில் முழு எடையோடும் உட்கார்ந்து, ஆசி வழங்குவதுபோல் வலது கையை உயர்த்தினார். பச்சை விளக்கு அணைந்தது. மோகன் படம் எடுத்தான்.

“நின்னு போச்சா? கவர்மென்ட்டு சைட்டே பேஜாருப்பா” என்றார் தாமோதரன், சௌகரியமாகச் சாய்ந்து. அவர் சாய்ந்தபடியே இருக்க ஐந்து மணி ஆயிற்று. திரையில் தளம் மூடப்பட்டது என்று வந்தது. “கவலப்படாத சிட்டம்மா. அடுத்த வருசம் மொதோ ஆளு நீதான்.”

கார் ஏறுமுன் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: ‘ஏழைத் தாய்க்கு வீடு வழங்கும் தலைவர்’. கைகூப்பிய குறிகள் வந்து விழ ஆரம்பித்தன.

சிட்டம்மாள் படியில் செருப்பை மாட்டினாள். “நைனா, அவரு எந்திரிச்சா வெளக்கு எரிஞ்சிது. குந்தனா அணைஞ்சிது. ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்.”

“சொல்றதுதானேம்மா?”

“நான் சொன்னா, அவரு குந்தற எடத்தக் கேக்கறாளேன்னு ஊரே கௌம்பும். அப்பறம் அந்தத் தார்ப்பாயும் இருக்காது. நீ படிச்ச புள்ள. உனுக்கு இன்னா வந்திச்சி?”

கேட்டுவிட்டு அவள் ஏரிக்கு மேலே மழை கறுத்துக்கொண்டு வந்த பக்கமாகவே நடந்தாள்.

மோகன் உள்ளே வந்தான். “அந்தப் பக்கம் பிடி” என்று தேவயானியிடம் சொல்லிவிட்டு, மூச்சைப் பிடித்து நாற்காலியைத் தூக்கினான். அவள் கை வைப்பதற்குள் அது மேலே வந்துவிட்டது. அவன்தான் பின்னால் சாயப்போனான். ஒரு கைக்குக் கனக்கவில்லை. அடியில் மரத்தூள் பலகையும், ஏதோ ஃபர்னிச்சர் கடையின் பாதி கிழிந்த ஸ்டிக்கரும் இருந்தன.

நசுங்கிப்போன கம்பியை உருவி எறிந்துவிட்டு அதே வழியில் புதிது இழுத்தான். கம்பளத்தை மூடினான். நாற்காலிக்கால் பதிந்த பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. காலை அதிலேயே, ஒரு நூல் பிசகாமல், திரும்ப வைத்தான்.

“அண்ணா, கம்பி மேலயே வெக்கறீங்க.”

“வாஸ்து” என்றான் மோகன்.