பதிவேட்டில் ஏறாத செவ்வாய்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு ஐம்பத்தேழுக்குத் திருமலை அறைக்குள் வந்தான். ஷூவைக் கழற்றவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டான்.

திரையில் ஊமத்தை என்ற பெயருக்குப் பக்கத்துப் புள்ளி சாம்பல் நிறமாகவே இருந்தது. ஆள் இணையத்துக்கு வராத மூன்றாவது நாள்.

எழுந்து ஜன்னல் வரை போனான். திரும்பி வந்து பார்த்தான். சாம்பல்.

பாகலூர் சாலையில் இருந்த அந்த அறையில் மூன்று பேர் குடியிருந்தார்கள். திருமலை, டெல்வின், முத்துக்குமார். மூவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மெஷின். காலை ஆறு மணி ஷிப்டில் ஒருவன், மதியம் இரண்டில் ஒருவன், இரவு பத்தில் ஒருவன். வாரம் மாறினால் ஷிப்டும் மாறும். ஒருவன் மெஷினை விடும்போது அடுத்தவனுக்குப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். முடிந்தது, பாக்கி, கோளாறு என்று மூன்று கட்டங்கள். “ரிஜிஸ்டர்ல ஏறலைன்னா அது நடக்கவேயில்லை” என்பார் சூப்பர்வைசர் ராஜப்பன்.

விளையாட்டையும் அவர்கள் அப்படித்தான் ஆடினார்கள். இணையத்தில் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டு அது. காடு, சுரங்கம், கோட்டை, போர். ஆளுக்கு ஒரு வீரன். இவர்களுக்கு மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்து ஒருவன். பெயர் கருவண்டு. வேலைக்குப் போகாதவன் கருவண்டாக இருப்பான். எழுந்து போகும்போது நீளமான நோட்டில் அதே மூன்று கட்டங்களை நிரப்புவான். அடுத்தவன் படித்துவிட்டு உட்காருவான்.

ஒரு கணக்கைப் பலர் ஆடக் கூடாது என்பது விளையாட்டின் விதி. அதனால் அவர்களுக்கும் ஒரு விதி இருந்தது. வேறு ஆள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. தெரியாத விஷயத்தை யாராவது பேசினால் தெரிந்த மாதிரி பேசித் தாண்ட வேண்டும். கருவண்டு தூங்கவே மாட்டானா என்று அவர்களுடைய படையில் எல்லோரும் வியந்தார்கள். மூன்று வருடம் இப்படிப் போனது.

ஊமத்தை அந்தப் படையின் மருத்துவச்சி. கிருஷ்ணகிரிப் பக்கம் என்பது மட்டும் தெரியும். போரில் காயம் பட்டவர்களை அவள்தான் எழுப்புவாள். இரண்டு மாதத்துக்கு முன்பு பதினைந்து நாள் காணாமல் போனாள். காரணம் சொல்லாமல் திரும்பி வந்தாள்.

செவ்வாய் மாலை டெல்வின் ஆடினான். நோட்டில் அவன் கையெழுத்து இருந்தது. முடிந்தது: இரும்புச் சுரங்கம். பாக்கி: புதன் ஆறு மணிக்குக் கோட்டை முற்றுகை, ஊமத்தை வருவது உறுதியில்லை. கோளாறு: இல்லை.

புதன் மதியம் திருமலை அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தான். ஊமத்தை இருந்தாள். அவன் எழுதினான். “ஆறு மணி முற்றுகை. சாக்குச் சொல்லாம வந்துடு.”

 பதில் வந்தது.

“நேத்து அவ்வளவு சொன்னேனே.”

அவனுக்கு ஒன்றும் தெரியாது. விதி ஞாபகம் வந்தது. தெரிந்த மாதிரி எழுதினான்.

“நேத்துக் கதை நேத்தோட போச்சு. இன்னிக்கு வேலையப் பாரு.”

புள்ளி சாம்பலாக மாறியது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவன் மெஷினில் பதினாறு பாகங்களை அளவு பார்க்காமல் கடைந்து தள்ளினான். ராஜப்பன் அவற்றைப் பெட்டியோடு ஓரமாக வைத்து, கழித்தது என்று சிவப்பு அட்டை மாட்டினார். இன்று சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துவிட்டு வெளியே போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியவில்லை.

டெல்வின் இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வார ஓய்வில் இருந்த முத்துக்குமார் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான்.

“டேய் டெல்வினு.”

“என்னாடா.”

“செவ்வாக்கெழம ஊமத்தை உங்கிட்ட என்ன பேசுனா?”

“ஒண்ணுமில்ல. தூங்க வுடு.”

“‘நேத்து அவ்வளவு சொன்னேனே’ன்னாளே.”

டெல்வின் போர்வையை விலக்கினான். “எப்ப?”

“புதன்கெழம. முற்றுகைக்கு வாடின்னு கூப்டேன். சாக்குச் சொல்லாதன்னேன்.”

“அப்பறம்?”

“நேத்துக் கதை நேத்தோட போச்சுன்னேன்.”

“அடேங்கப்பா, வசனம்” என்றான் முத்துக்குமார். யாரும் சிரிக்கவில்லை. அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

டெல்வின் எழுந்து உட்கார்ந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சொல்லித் தொலைடா.”

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“அதான் நோட்டுல கோளாறு இல்லன்னு எழுதுனியா?”

“அது கோளாறாடா?”

திருமலை கதவு வரை நடந்தான். திரும்பினான். மறுபடி கதவு வரை நடந்தான்.

“நிக்க மாட்டியா நீ” என்றான் டெல்வின். பிறகு மெதுவாகச் சொன்னான். “அவ தம்பி செத்துட்டான். ரெண்டு மாசமாச்சு. ஹைவேல, பைக்குல.”

திருமலை நின்றான். டெல்வின் தொடர்ந்தான்.

“அவ லேப்டாப்பு சார்ஜர் எரிஞ்சிபோச்சு. ஆறு மணிக்கு முற்றுகை. தம்பிய வெரட்டியிருக்கா, ஓடிப்போயி வாங்கிட்டு வாடான்னு. கடைக்குப் போனான்னு மட்டுந்தான் வீட்ல தெரியும். இவளுக்காகப் போனான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அத மொத மொத எங்கிட்டதான் சொன்னா. ரெண்டு மணி நேரம். நான் ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

“அன்னிக்கி அவ வரலன்னு திட்டுனது நாந்தான்” என்றான் முத்துக்குமார்.

“ஆமா. நீதான்.”

“நமக்கென்னடா தெரியும்.”

“அவளுக்கும் தெரியாதுல்ல. அவளுக்குக் கருவண்டு ஒருத்தன். செவ்வாக்கெழம கேட்டவன்தான் புதன்கெழம அப்படி எழுதுனான்.”

திருமலை கேட்டான். “நம்பர் இருக்கா?”

“குடுத்தா. நான் கூப்டல.”

“ஏன்?”

“கூப்ட்டா பேரு சொல்லணும். அப்பறம் மூணு பேருன்னும் சொல்லணும்.”

“இப்ப சொல்லு. நேர்ல போயி சொல்லு.”

“நானா? நீ ஒடச்சே, நீ போ.” டெல்வின் படுத்துக்கொண்டான். சற்றுக் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. “மூணு பேருன்னு சொல்லிக்க. ஆனா தம்பி விஷயம் உனக்குத் தெரியும்னு காட்டிக்காத. அவ எனக்குத்தான் சொன்னா.”

திருமலை அவனிடம் நம்பர் வாங்கிச் செய்தி அனுப்பினான். கருவண்டு பேசுகிறேன், நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அன்று பதில் இல்லை. சனிக்கிழமை மதியமும் இல்லை. மாலையில் ஒரு வரி வந்தது. ஞாயிறு இரண்டு மணி, கம்பெனி கேட் எதிரில் பேக்கரி. கீழே ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியின் பெயர் இருந்தது.

ஞாயிறு ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான். கிருஷ்ணகிரி பஸ்ஸில் இடம் இருந்தது. அவன் நின்றுகொண்டே போனான். “சீட்டு காலியாத்தான கீது, ஒக்காரேன்பா” என்றார் கண்டக்டர். உட்கார்ந்தான். சூளகிரி வந்ததும் எழுந்துவிட்டான்.

ஒன்றரைக்கே பேக்கரிக்குப் போய்ச் சேர்ந்தான். எதிரே கேட்டுக்கு வெளியே மாங்காய் லாரிகள் வரிசையாக நின்றன. புளித்த மணம். இரண்டு டீ குடித்தான். மூன்றாவதைச் சொல்லிவிட்டு வேண்டாம் என்றான்.

இரண்டு பத்துக்கு ஒரு பெண் கேட்டைத் தாண்டி வந்தாள். முப்பது வயது இருக்கலாம். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. பிரவீனா, லேப். பேக்கரிக்குள் பார்த்தாள். அங்கே அவன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான்.

“கருவண்டா?”

“ஆமாங்க.”

“கட்டையா, குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்.” உட்கார்ந்தாள். “ரெண்டு நாளா யோசிச்சேங்க, வரலாமா வேணாமான்னு. அன்னிக்கி அவ்வளவு பொறுமையா கேட்டீங்க. மறுநாள் அப்படி எழுதிட்டீங்க. ஒரே ஆளு எப்படி அப்படி எழுதுவாங்க?”

“ஒரே ஆளு இல்லீங்க.”

அவள் பார்த்தாள்.

“நாங்க மூணு பேருங்க. ஒரே ரூமு. ஷிப்டு போட்டு ஆடுறோம். செவ்வாக்கெழம டெல்வின்னு ஒருத்தன் இருந்தான். மறுநாள் எழுதுனது நான். எம்பேரு திருமலை. தப்பு என்னோடதுதாங்க.”

அவள் வாய் லேசாகத் திறந்தது. பிறகு சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள்.

“அதான் தூங்கவே இல்லயா நீங்க! நாங்க ஒரு படையே உக்காந்து பேசுவோம், இவன் மனுசனா பேயான்னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஷிப்டு மாறுறப்ப என்ன பண்ணுவீங்க? எங்க லேப்ல புக்கு இருக்கு.”

“எங்களுக்கும் நோட்டு இருக்குங்க. முடிஞ்சது, பாக்கி, கோளாறு.”

“அன்னிக்கி என்ன எழுதியிருந்தாரு அவரு?”

“சுரங்கம் முடிஞ்சது. முற்றுகை பாக்கி. கோளாறு இல்ல.”

“வேற ஒண்ணும் எழுதலயா?”

“இல்லீங்க.”

அவள் தோள் தளர்ந்தது. மேசையில் கிடந்த சர்க்கரைத் துகள்களை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். எதிரே ஒரு லாரி பின்னோக்கி வந்து கேட்டுக்குள் நுழைந்தது. திருமலை காலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஆட்டுவதை நிறுத்தினான்.

அவள் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப நான் சொன்னது அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும், இல்லீங்களா?”