நேர்முகத் தேர்வில் ஒரு சிரிப்பு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மச்சினி கொடுத்தது. ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை அவளுக்கு. பல் டாக்டரிடம் வாயில் பஞ்சோடு நான் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து, இன்டர்வியூவில் அவர்கள் அடிக்கும் கூத்தையெல்லாம் சொன்னாள். வேண்டுமென்றே கால் ஆடுகிற நாற்காலியைப் போடுவார்களாம். கேள்வி கேட்பவர் பாதியில் தூங்குவதுபோல் நடிப்பாராம். "அடப்பாவிகளா" என்று சொல்லக்கூட எனக்கு வாய் இல்லை.

2.

முதல் தொடக்கம்: அந்தக் கண்ணாடிக் கட்டிடத்தின்மேல் காலை வெயில் பட்டு...

வேண்டாம். கட்டிடத்துக்கா வேலை வேண்டும்?

இரண்டாவது: அவள் ஒரு டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை தேடுவது தொழில். எதையும் லேசில் நம்பமாட்டாள். பழைய கம்பெனியை மூடியதிலிருந்து புருஷன் ஒருவர் சம்பளத்தில்தான் குடும்பம் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அவள் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. இதுவும் கைநழுவினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். (பரிதாபம் தேடுகிறேன் என்பீர்கள். தேடத்தான் செய்கிறேன்.)

3.

நாற்காலி ஆடியது. ஒரு காகிதத்தை மடித்து அதன் காலுக்கு முட்டுக்கொடுத்தாள். எதிரே இருந்த வழுக்கைத் தலைக்காரர் கண்ணை மூடினார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவர் பக்கத்தில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரியிடம் பதிலைத் தொடர்ந்தாள். வழுக்கைக்குத் தூக்கத்திலேயே சந்தோஷம்.

அப்போது ரிசப்ஷன் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். (வருகிறவர்களின் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும், மறந்து தொலைத்தேன்.)

"மேடம், உங்க வீட்டுக்காரர் எங்க லைன்ல கூப்பிட்டிருக்காரு. உங்க பொண்ணு ஸ்கூல் மாடிப்படில விழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

டெஸ்டர் சிரித்தாள்.

"சூப்பர் சார். இது எத்தனாவது ரவுண்டு?"

வழுக்கை கண்ணாடிக்காரியைப் பார்த்தார், இது அவள் ஏற்பாடு என்று நினைத்து. அவள் அவரைப் பார்த்தாள், இது அவர் ஏற்பாடு என்று நினைத்து. இரண்டு பேரும் 'பதறவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.*

* இப்படியும் நடக்குமா என்று மச்சினியைக் கேட்டேன். "யாரு என்ன டெஸ்ட் வைக்கிறாங்கன்னு பாதி நேரம் எங்களுக்கே தெரியாது அத்தான்" என்றாள்.

4.

அடுத்த பதிலைப் பாதி சொல்லியிருப்பாள். மறுபடியும் கதவு.

"மேடம், அவர் லைன்லயே இருக்காரு. 'டமாரம் விழுந்துட்டா'ன்னு சொன்னா உங்களுக்குப் புரியும்னாரு."

டமாரம். பிறந்ததிலிருந்து வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர். டெஸ்டர் போட்ட எந்த விண்ணப்பத்திலும் அது கிடையாது. (ஆனால் புருஷன் அந்தப் பெயரோடு இன்டர்நெட்டில் படம் போடுகிற ஆள். கம்பெனிக்காரர்கள் துருவி எடுத்திருக்கலாமே? அவள் மூளை அந்த நேரத்திலும் அதை யோசித்தது. தொழில் புத்தி லேசில் போகுமா?)

"உக்காருங்கம்மா. இன்னும் ஒரே ஒரு கேள்வி. அநேகமா வேலை உங்களுக்குத்தான்" என்றார் வழுக்கை.

5.

முடிவு அ: அவள் ஓடுகிறாள். பார்த்தால் எல்லாம் நாடகம். "குடும்பம்தான் முக்கியம்னு காட்டிட்டீங்க, சபாஷ்!" என்று கை கொடுக்கிறார்கள். வேலையும் கிடைக்கிறது. இதை மச்சினியின் கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளும். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அவள் உட்காருகிறாள். அந்த ஒரு கேள்விக்கு...

கை வரவில்லை.

நான் இப்படி இழுத்துக்கொண்டிருந்ததில் அவள் பொறுமை போய்விட்டது. எழுந்துவிட்டாள்.

"சார், இது டெஸ்ட்டா இருந்தா நான் ஃபெயில்னு போட்டுக்கோங்க."

ரிசப்ஷனுக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

"என்னங்க... அவ எப்படி இருக்கா?"

அவர் என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. நல்ல சேதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் அவளுக்கு என்னிடம் இன்னொன்றும் வேண்டியிருக்கிறது. மூன்றாம் பகுதியில் 'டெஸ்டர் சிரித்தாள்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறாள். எடுத்தால் கதை நிற்காது. கதை எழுதுகிறவன் நான், என்னால் ஆகாது.

உங்கள் கையில் பேனா இருந்தால், நீங்களாவது அதை அடித்துவிடுங்கள்.