கண்ணாடி போட்ட கேமரா

பெரம்பலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த செல்லதுரைக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. கோளாறெல்லாம் அவன் கேமராவின் கண்ணில்தான். இதை நம்பத்தான் ஊரில் ஆளில்லை.

அந்தக் கேமராவை அவன் வாங்கியது எழுபத்தெட்டில், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஆராய வந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பவிருந்த ஓர் அதிகாரியிடம். பழைய வெளிநாட்டுச் சரக்கு. பின்பக்கம் சின்ன ஜன்னல். அதில் கண்ணை வைத்தால் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் படம் துல்லியமாக விழும். அதிலிருந்தது வைடு லென்ஸ். முழுக் கல்யாணப் பந்தலையும் வாரிப் போட்டுக்கொள்ளும். வாங்கிய அன்றே ஆசையாகக் கண்ணை வைத்தான் செல்லதுரை. இரண்டு உருவம் என்ன, ஒன்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. ஒரே மங்கல்.

பயந்துபோய் கண்ணாடிக் கடை இராமலிங்கத்திடம் ஓடினான். அவர் அவன் கண்ணைச் சோதித்தார், கேமராவையும் சோதித்தார், சிரித்தார்.

"ஒன் கண்ணு நல்லாத்தாம்பா இருக்கு. அந்த அதிகாரிக்கு வயசான கண்ணாச்சே, அவரு பவருக்கு ஒரு வில்லைய இந்த ஓட்டையில ஒட்டி வச்சிருக்காரு. நோண்டி எடுத்தா உள்ள இருக்கறதும் சேந்து வந்துரும்."

"அப்ப நான் என்னண்ணே பண்றது?"

"கேமரா கண்ணாடி போட்டுருக்கு. நீ அதுக்கு எதிர்ப் பவர்ல ஒண்ணு போட்டுக்க. சரியாப் போயிரும்."

ஆக, நல்ல கண் படைத்த செல்லதுரை ஒரு கேமராவுக்காகத் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டான். மங்கல் போயிற்று; வேறு வம்பு வந்தது. மூக்கில் கண்ணாடி இருந்ததால் ஜன்னலோடு கண்ணை ஒட்ட வைக்க முடியவில்லை. நடுப்பகுதி தெரிந்தது, ஓரங்கள் மறைந்தன. எல்லாரும் கண்ணுக்குள் அடங்கும்வரை பின்னாலேயே நடப்பான். லென்ஸோ அவன் பார்த்ததைவிட அதிகமாகவே பார்த்திருக்கும். மணமக்களை எடுக்கச் சொன்னால் சமையல்காரர், அண்டா, எச்சில் இலைக்குக் காத்திருக்கும் நாய் எல்லாரும் படத்தில் வந்து நின்றார்கள். "தம்பி, இதுல மாப்ள எங்கப்பா?" என்று வீட்டார் தேடினார்கள்.

இப்படிப் பின்னால் நடந்துதான் கல்லங்குறிச்சித் தேரன்று வைத்திலிங்கத்தின் காலை மிதித்தான். வைத்திலிங்கம் அந்த ஊர் விவசாயி, மலர்கொடியின் அப்பா. செல்லதுரை அவளைப் பெண் பார்த்தாகிவிட்டது. அவளும் தலையாட்டிவிட்டாள். அதிலிருந்து பையனுக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிலை பாக்கு மாற்றுவதுதான் பாக்கி. "மன்னிச்சுக்குங்க மாமா" என்று திரும்பிய வருங்கால மருமகனின் மூக்கில், பெண் பார்க்க வந்தபோது இல்லாத கண்ணாடி இருந்தது.

மறுநாளே சொல்லியனுப்பிவிட்டார்: கண் தெரியாதவனுக்குப் பெண் கிடையாது.

செல்லதுரை கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, அரியலூரில் பஸ் மாறிக் கல்லங்குறிச்சி போய்ச் சேர்ந்தான்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும் மாமா. கேமராவுக்குத்தான் தெரியல."

"கண்ணாடிய மறச்சு வச்சுப் பொண்ணு பாத்தது போதாதுன்னு கேமரா மேல பழி போடுறீங்களாக்கும்?"

"நீங்களே பாருங்க மாமா. ஒண்ணும் தெரியாது."

இதைவிட நியாயமான சோதனை உண்டா? வைத்திலிங்கம் கேமராவை வாங்கி, எதிரே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யப்பா, இலை இலையாத் தெரியுதே! மேல காக்கா உக்காந்திருக்கு!"

செல்லதுரைக்கு உண்மை உறைத்தது. அதிகாரியின் பவர்தான் இந்த மனிதருக்கும். எத்தனை வருஷமோ, மரத்தைப் பச்சைத் திட்டாகப் பார்த்துவிட்டு, மரம் என்றால் அப்படித்தான் என்று இருந்திருக்கிறார். சொல்ல வாயெடுத்தான். ஆனால் மாமனாரின் கண்ணைக் குறை சொல்லிப் பெண் வாங்கிய மாப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறான்?

"இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு, இதுல தெரியலங்கிறீங்க. போயிட்டு வாங்க தம்பி," என்றார் வைத்திலிங்கம். கேமராவைத் திருப்பிக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. இன்னொரு தரம் காக்கையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து மலர்கொடி வந்தாள். "குடுங்கப்பா, நான் பாக்கறேன்." ஒரு கண்ணால் பார்த்தாள். மறு கண்ணால் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணும் தெரியலப்பா. ஒரே பொகையா இருக்கு. அவரு நெசந்தான் சொல்றாரு."

செல்லதுரைக்கு அழுகையே வந்துவிட்டது. அவனை நம்பவும் ஓர் ஆள் இருக்கிறது!

வைத்திலிங்கத்துக்கும் அழுகை வந்தது, காரணம் வேறு. "காக்கா தெரியலயா சாமி? மரங்கூடவா தெரியல?"

"தெரியலப்பா."

பெற்ற மகளுக்குக் கண் தெரியாததை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். மலர்கொடி பதறி மறுக்கப் போனாள். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் செல்லதுரை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். அவளுக்குப் புரிந்தது. அவனை ஒரு முறை முறைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

வைத்திலிங்கம் வந்து அவன் கையைப் பிடித்தார். குரல் அடியோடு இறங்கிவிட்டது. "மாப்ள, வர்ற வெள்ளிக்கெழமையே பாக்கு மாத்திக்குவோம். இவ கண்ணு விசயம் மட்டும் ஒங்க வூட்ல யாருக்கும் தெரிய வேணாம்."

"சொல்ல மாட்டேன் மாமா."

"கொற தெரிஞ்சும் கட்டிக்கிறீங்க. பெரிய மனசு." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முதுகில் தட்டினார். "ஒண்ணும் கவலப்படாதீங்க. பொறக்கற புள்ளைக்கு எங்கண்ணு வந்துரும்."