வேலியோடு நின்ற மழை

ஏப்ரல் கடைசியில் போர்வீரர்களை நினைவுகூரும் அன்ஸாக் தினத்துக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கோதுமை விளையும் குல்பாரினில் டெஸ் ஹார்ட்விக்கின் நிலத்தில் மட்டும், 1931ஆம் வருடத்து மழை பதினான்கு மில்லிமீட்டர் பெய்தது. வேலிக்கு அந்தப் பக்கம், ஆர்ச்சி மல்வேனியின் மண்ணில் ஒரு துளி இல்லை. வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைக்கு வால் மட்டும் நனைந்தது.

பிழை டெஸ்ஸுடையது. முந்தைய நாள், விதைப்பு எந்திரத்தை மாட்டுவதற்காக வண்டியைப் பின்னால் எடுத்தவர் மழைமானியை நசுக்கிவிட்டார். 1926இல் அவருடைய தாத்தா நட்டது. வெட்டுக்கிளிகளையும் ஒரு போரையும் தாங்கிய கருவி, டெஸ் கண்ணாடியைப் பார்க்க மறந்த ஒரு நொடியைத் தாங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் காலை ஒன்பது மணிக்கு அளந்து நோட்டில் எழுதாத நாள் கிடையாது. அப்பா இறந்த காலையிலும் டெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அளந்தவர். மாதக் கடைசியில் அந்தத் தாள் வானிலை அலுவலகத்துக்குப் போகும். அன்றைய கட்டத்தை வெற்றாக விட மனம் வரவில்லை. அளக்காமல் பூஜ்யம் போடுவது பொய். ஆகவே தாத்தாவின் நோட்டைப் பிரித்து, 1931இல் அதே தேதியில் இருந்த எண்ணைப் பார்த்து எழுதினார். தாத்தா பொய் சொல்லமாட்டார் என்பது அவர் கணக்கு. மை காய்வதற்குள் மழை வந்துவிட்டது.

மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம், அதுதான் மழைக்காலம்; மூன்று குளிர்காலம் பொய்த்திருந்தது. நான்காவதும் பொய்த்தால் நிலத்தை விற்றுவிட்டுக் கடலோரம் போவதாகப் பேச்சு. டெஸ் மறுநாளும் பார்த்து எழுதினார். மே போனது, ஜூன் போனது. கோதுமை இடுப்பளவு நின்றது.

"யோவ், உன் மேகத்துக்கு மட்டும் எப்படிய்யா வேலி தெரியுது?" என்றார் ஆர்ச்சி.

"நல்லா வளர்த்திருக்கேன். சொன்ன பேச்சு கேக்கும்."

"என் ஆடுங்க மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குதுங்க. மூக்கு மட்டும் குளிக்குது. சரி, மழை பழையபடி வந்திருச்சுன்னு வெச்சுக்கலாமா?"

"அதை நான்தான்யா உன்னைக் கேக்கணும்."

"எப்பவும் வந்திருக்கு. வராமலா போகும்?" என்று ஆர்ச்சி காய்ந்த வானத்தைப் பார்த்துச் சொன்னார்.

வானிலை அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மிஸ்டர் ஹார்ட்விக், உங்க எண்களால வட்டாரத்தோட நூறு வருஷ மழைக் கோடே மேல திரும்புது. நிஜமாத்தான் பெய்யுதா?"

"நனைஞ்சுக்கிட்டேதான் பேசறேன்மா. பழைய மழை திரும்பிடுச்சுன்னு சொல்லலாமா?"

"அறுபது சதவீதம் சொல்லலாம். நாற்பது சதவீதம் சொல்லக்கூடாது."

பாதிரியாரைக் கேட்டதற்குப் பொறுமை என்றார். முப்பது வருடமாக இதே கேள்விக்கு மனைவி நெரிடா தந்த பதில், "டீ ஆறுது, குடி" என்பது.

ஆகஸ்டில் நெரிடாதான் கண்டுபிடித்தாள். டெஸ் பார்த்து எழுதிய எண்கள் தாத்தாவின் நோட்டிலிருந்து ஒன்றுவிடாமல் மறைந்திருந்தன. சுவரில் 1931 அறுவடைப் படம். மார்பளவு கோதுமையில் தாத்தா சிரித்துக்கொண்டு நிற்பார். இப்போது அவர் வெட்டவெளியில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை டெஸ் தினமும் சவரக் கண்ணாடியில் பார்ப்பதுண்டு.

அன்றே டெஸ் தன் நோட்டில் எழுதியதையெல்லாம் கோடு போட்டு அடித்தார். மறுநாள் ஒன்பது மணிக்கு மழை மேலே ஏறியது. மண்ணிலிருந்தும் தொட்டியிலிருந்தும் நெரிடா காயப்போட்ட துணியிலிருந்தும், துளித்துளியாக, அவசரமில்லாமல்.

ஆர்ச்சி வேலியில் சாய்ந்து பார்த்தார். "போகுதா?"

"போகுது."

"துணியாவது சீக்கிரம் காயும்."

மூன்று காலைகளில் எல்லாம் போய்விட்டது. கோதுமை பழுப்பானது. படத்தில் தாத்தா மறுபடி மார்பளவு நின்று சிரித்தார்.

டெஸ் சமையலறையில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கேட்டார். "இனிமே பழையபடி வருமா, நெரிடா?"

அவள் டீ ஊற்றவில்லை. போர்வை அலமாரியின் அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்து மேசையில் விரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நோட்டுகளைப் பார்த்துப் பின்னிய கம்பளி. ஒரு குளிர்காலத்துக்கு ஒரு விரற்கடை. நனைந்ததற்கு நீலம், காய்ந்ததற்கு மஞ்சள். தாத்தா பக்கம் நீலத்தில் அங்கங்கே மஞ்சள். எழுபதுகளின் நடுவில் மஞ்சள் கூடியது. டெஸ் பக்கம் முழுக்க மஞ்சள், நடுவில் நாலைந்து நீலம்.

"ஒவ்வொரு நீலம் பின்னும்போதும் திரும்பிடுச்சுன்னு நினைச்சேன். அதான் உன்கிட்ட காட்டலை" என்றாள். "வராது, டெஸ். நம்ம காலத்துல வராது. பள்ளத்து வயல்ல மட்டும் பார்லி போடு. மிச்சத்துல ஆடு விடு. இருக்கற மழைக்கு அது போதும். எங்கேயும் போக வேண்டாம்."

மணி ஒன்பது. டெஸ் எழுந்துபோய், நசுங்கியதற்குப் பதிலாக நட்டிருந்த புது மழைமானியைப் பார்த்துப் பூஜ்யம் எழுதினார். பக்கத்தில் குறிப்புக்கென்று விட்டிருந்த கட்டத்தில், 'வராது. நெரிடா சொன்னாள்' என்று சேர்த்துக்கொண்டார்.