மகன் போட்டுக் காட்டிய படங்கள்

அல்வாலில் விஸ்வநாத் வீட்டு ஹாலில் மாதம் ஒரு ஞாயிறு ஜப்பானியப் படம் ஓடும். பத்துப் பேர் கேள்விப்பட்ட படமென்றால் அவனுக்குக் கௌரவக் குறைச்சல். ஜப்பான்காரனே மறந்துபோனதாகத் தேடிப் பிடித்து டிவிடி வரவழைப்பான். ஹைடெக் சிட்டியிலிருந்து ஆபீஸ் சிநேகிதர்கள் வந்து, அவன் அம்மா திரிபுரசுந்தரி போடும் மிர்ச்சி பஜ்ஜியைத் தின்றுவிட்டு, துக்கத்தைப் பற்றி இங்கிலீஷில் பேசுவார்கள்.

அப்பா போய் மூன்று வருஷமாகியும் அம்மாவிடம் எப்படியிருக்கிறாய் என்று கேட்க அந்த மகராஜனுக்கு வாய் வரவில்லை. ராத்திரிச் சாப்பாடும் ஆபீஸிலேயே. ஆனால் படம் மட்டும் விடாமல் போட்டான். ஒன்றில் புருஷனை இழந்தவள் தனியாகச் சாப்பிட உட்கார்ந்து திணறினாள். இன்னொன்றில் அப்படிப்பட்ட ஒருத்தி மாடியில் குடியிருந்த கிழவர்மேல் ஆசை வைத்து, பெற்ற பிள்ளை குடை பிடிக்க, அவரோடு பஸ் ஏறினாள். விஸ்வநாத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பிள்ளைன்னா இவன்தான் பிள்ளை!" என்றான்.

சமையலறை வாசலில் நின்ற திரிபுரசுந்தரிக்கு உடம்பு சிலிர்த்தது. நேரில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு குழந்தை தனக்காகத்தான் படம் போடுகிறான் என்று நம்பிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீட்டில் யாரும் எதையும் நேரே கேட்டதில்லை. பாயசம் வேண்டுமென்றால் அவள் புருஷன், "பக்கத்து வீட்டுல பாயச வாசனை வரதே" என்றுதான் சொல்வார்.

கூட்டம் கலைந்ததும் சந்தோஷமாகவே ஆரம்பித்தாள். "விச்சு, பக்கத்துல லோத்குண்டாவுல ராமச்சந்திரன் இருக்காரோன்னோ, அப்பாவோட வேலை பார்த்தவர். அவரும் தனியாத்தான் இருக்கார். நாங்க ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கலாம்னு தேதி குறிச்சு வெச்சிருக்கோம். உனக்குச் சம்மதம்னு புரிஞ்சுண்டேன்டா."

"என்னம்மா உளர்றே? இந்த வயசுலயா? நான் வெளியில தலைகாட்ட வேண்டாமா?"

"நீதானேடா அந்தப் படத்தை..."

"அது ஆர்ட்மா! அதுல அழலாம். வீட்டுக்குள்ள கொண்டுவருவாளா யாராவது?"

மூன்று வருஷமாக அவளும் தனியாகத்தான் சாதத்தை விழுங்கினாள். யாரோ ஜப்பான்காரிக்கு அழுத கண், தன்னை ஏறிட்டுப் பார்க்கக்கூட இல்லையே என்று ஆத்திரம் வந்தது. அழவில்லை. அவன் எதிரிலேயே போனை எடுத்து ராமச்சந்திரனைக் கூப்பிட்டாள்.

"நான்தான் பேசறேன். குறிச்ச தேதியே இருக்கட்டும். சாட்சிக் கையெழுத்துக்கு மட்டும் ஒரு ஆள் குறையறது. உங்க எதிர்வீட்டு துரைராஜைக் கூட்டிண்டு வாங்கோ" என்றாள். "என் பிள்ளை வரலை."