ஊதாப் பூவுக்குப் பாவம் பார்த்தவர்கள்

அறிவியல் வாத்தியாரும் ஓவிய டீச்சரும் சேர்ந்து எடுத்த முதல் பாடம் ஆகாயத்தாமரை. எங்கிருந்தோ வந்து ஏரி குளங்களை மூச்சுமுட்ட வைக்கும் செடி அது. போன பருவம் முழுக்கப் பிள்ளைகளே தூர்வாரி மீன் விட்ட பள்ளிக் குளத்துக்குள் அது நுழைந்துவிடக் கூடாது என்பதுதான் இருவரின் கவலையும். அவர் தண்டைப் பிளந்து உள்ளே இருந்த காற்றறைகளைக் காட்டினார். அவள் அதை வரைய வைத்தாள். ஆளுக்கொரு வாளி, வாளிக்கொரு செடி.

“எதிரியை இவ்வளவு அழகா வரைய வெச்சா எப்படி மேடம்? கல்யாண போட்டோ மாதிரி இருக்கு.”

“பிடிக்காததை வரைய முடியாது சார். உத்துப் பார்த்தா தானா பிடிச்சிடும்.”

அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாலுப் பசங்கள்கூட வாயை மூடிக்கொண்டு, இதழில் இருந்த மஞ்சள் பொட்டுக்கு வண்ணம் குழைத்தார்கள். அந்தப் பூரிப்பில்தான், செடிகளை மொட்டைமாடி வெயிலில் போட்டுக் கருக விடும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டாள்.

நீண்ட விடுமுறை முடிந்து வந்ததும், வகுப்பிலேயே பெரிய வாயாடி ஓடிவந்து டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“டீச்சர், என்னோடது பூத்திருக்கு! வந்து பாருங்க!”

“எதும்மா?”

“என் செடி. வெயில்ல போட்டா பாவம்ல? அதான் எல்லாரும் குளத்துல விட்டுட்டோம்.”

குளத்தில் பாதிக்குமேல் தண்ணீரே தெரியவில்லை. வாத்தியார் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். டீச்சரும் செருப்பை உதறிவிட்டு இறங்கினாள். இழுக்க இழுக்கத் தண்டு ஒடிந்தது. ஒடிந்த துண்டெல்லாம் கைக்கு எட்டாமல் மிதந்து போனது. ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடி.

மழை வேறு பிடித்துக்கொண்டது. குளம் நிரம்பி, ஆற்றுக்குப் போகும் வாய்க்காலில் வழியத் தொடங்கியது. வாத்தியார் ஓடிப்போய், வழியும் இடத்தில் கைகளை விரித்து உட்கார்ந்துகொண்டார்.

“மேடம், வலை, சாக்கு, ஏதாவது கொண்டு வாங்க!”

கரையில் பிள்ளைகள் அவரவர் செடியை அடையாளம் கண்டு கத்தினார்கள்.

“பிய்க்காதீங்க டீச்சர், அது என்னோடது!”

வாயாடி தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சர் அவளுடைய பூத்த செடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

வாத்தியாரின் முழங்கால்களுக்கு இடையே சின்னத் துண்டு ஒன்று நழுவியது. வாய்க்காலில் ஒரு சுற்றுச் சுற்றி, வளைவில் திரும்பி மறைந்தது.

“போச்சு,” என்றார் அவர், விரித்த கைகளை எடுக்காமலே.